சிறு சீட்டின் இரண்டாம் கோடு

சுவிஸ் நகரமான டீட்டிகோனில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் பெண்மணி, அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் பணியில் பல்லாண்டு உழைத்தவர். குடியுரிமை பெற்றபின் அவருக்கு வாய்த்த முதல் தேர்தல் அது. இரு அவைகளுக்கும் போட்டியிட்ட, தாம் விரும்பிய பெண் வேட்பாளர் நாடாளுமன்ற மேலவைக்குச் செல்லவேண்டும் என்று பேராவல் கொண்டிருந்தார். ஆண்டுதோறும் தபாலில் வரும் வாக்குறைகளைப் பிரித்துப் பிரித்துச் சலித்துப்போன எனக்கு அத்தகைய ஆவல் எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

நகராட்சிப் பெட்டியில் உறையைப் போட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

“அண்ணை, ரெண்டு சீட்டிலயும் அவவின்ர பேரை ரெண்டு தரம் எழுதிப்போட்டன்.”

கீழவைக்குரிய நெடும்பட்டியலில் ஒரு பெயரை இருமுறை எழுதலாம்; இரு வாக்காகவே கொள்வர். மேலவைக்குரிய சிறு சீட்டில் பெயரெழுத இரண்டே கோடுகள்; அங்கே அது செல்லாது.

“சின்னதில ஒருக்காத்தான் எண்ணுவினம், தங்கச்சி. மற்றது வெறுங்கோடுதான்.”

“இதென்ன நியாயம்? ரெண்டும் ஒரே உறையிலதானே வந்தது! வேலையிடத்தில எனக்கு அப்பிடித்தான் சொல்லித் தந்தவை.”

மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. அதற்கு இரண்டே இருக்கைகள். முற்காலத்தில் பல மாநிலங்களில் மக்களைக் கேளாமல் மாநில அவையே அவற்றுக்கு ஆளனுப்பியது. பெண்களுக்கு வாக்குரிமை வந்ததோ மிகப் பிந்தியே. இவ்வாறு நான் விரித்துக்கொண்டு போகையில் அவர் கையமர்த்தினார்.

“சரித்திரம் கிடக்கட்டும் அண்ணை. அவ வருவாவோ, மாட்டாவோ?”

முதற்சுற்றில் ஒருவர் மட்டுமே பெரும்பான்மை பெற்றார். மற்ற இருக்கைக்கு இரண்டாம் சுற்று அறிவிக்கப்பட்டது. கட்சிகள் தமக்குள் கலந்துபேசியதும் அந்தப் பெண் வேட்பாளர் விலகிக்கொண்டார். இங்கே அது வழமையான செய்திதான். நாளிதழில் படித்து மடித்து வைத்தேன்.

சில கிழமைகளில் மேல்மாடிப் பெண்மணி புதிய உறையுடன் வந்து, எங்கள் சமையலறை மேசையில் சீட்டை விரித்தார். இம்முறை ஒரே கோடு.

“ரெண்டு இடம் இருக்கேக்க நிண்டவ. ஒண்டானவுடன ஆளைக் காணேல்லை.”

“மிச்சம் நிக்கிற ரெண்டு பேரில ஒராளை எழுதலாம்.”

“அவையளை எனக்குப் பிடிக்கேல்லை. வெறுஞ்சீட்டு அனுப்பினா எறிஞ்சுபோடுவினமோ?”

“இல்லை. வெற்றுச்சீட்டெண்டு புறம்பா எண்ணுவினம்.”

“அப்ப எண்ணட்டும். ஒருத்திக்கு ஒருத்தரையும் பிடிக்கேல்லை எண்டாவது தெரியட்டும்.”

வாக்காளர் அட்டையில் நிதானமாகக் கையொப்பமிட்டு, ஒன்றும் எழுதாத சீட்டை உள்ளே வைத்து ஒட்டினார்.

“உங்கடயையும் தாங்கோ, போற வழியில போட்டுவிடுறன்.”

என்னுடையது பிரிக்கப்படாமலே செய்தித்தாள்களுக்கு அடியில் கிடந்தது. அதே உறையில்தான் திருப்பியனுப்ப வேண்டும். “கொஞ்சம் இருங்கோ” என்று சொல்லி, கிழியாமல் பிரிக்கத் தொடங்கினேன்.