ஒத்தைக் கொம்பு வீட்டுக்கு வழி

நான் மாட்டு டாக்டர். வீடு திண்டுக்கல்லில். சுற்றியுள்ள கிராமங்களுக்கு ஒரு பழைய காரில் போய் வைத்தியம் பார்க்கிறேன். எனக்கு மனிதர்களின் முகம் மனதில் நிற்காது. மாட்டின் முகம் ஒரு தடவை பார்த்தால் மறக்காது. யாராவது போனில் "நான்தான் பேசுறேன் டாக்டரம்மா" என்றால் "எந்த மாடு?" என்றுதான் கேட்பேன். போகப் போக ஜனங்களும் பழகிவிட்டார்கள். "உதைக்கிற கறுப்பு வீட்டுல இருந்து பேசுறேன்", "மூணு காம்பு மாட்டுக்காரி பேசுறேன்" என்று அவர்களாகவே ஆரம்பிப்பார்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். மூணு காம்பு மாடு ஒன்றுதான் இருக்கும் என்பது என் கட்சி.

வழிதான் பெரிய தொல்லை. "பழைய மோட்டார் ரூமத் தாண்டி, பூக்காடு முடியுற எடத்துல சோத்தாங்கைப் பக்கம்" என்று சொல்வார்கள். பூக்காடு எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். போனில் வரைபடம் பார்த்துக்கொண்டு போனால், சரியாகத் திருப்பத்தில் அடுத்த மாட்டுக்காரர் கூப்பிடுவார், வரைபடம் மறைந்துவிடும். சில தோட்டங்களில் சிக்னலும் கிடைக்காது. அதனால் காருக்கென்று தனியாக ஒரு ஜிபிஎஸ் பெட்டி வாங்குவது என்று முடிவு செய்தேன். பட்ஜெட் எட்டாயிரம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது.

கார் சாமான் கடைக்கு என் கணவரும் வந்தார். புவியியல் வாத்தியார். வரைபடம் என்றால் தன்னைக் கேட்காமல் வாங்கக்கூடாது என்று நினைப்பு. கடைக்கார பாய் முதலில் எடுத்து வைத்தது பத்து அங்குலத் திரை. படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், பின்னால் போகும்போது பார்க்கக் கேமராவும் உண்டு. விலை என் பட்ஜெட்டைப் போல மூன்று மடங்கு. கணவர் அதைத் தடவிக்கொடுத்த விதத்தைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரிவர்ஸ் கேமரா எதுக்கு? நான் என்ன நாள் பூரா பின்னாடியேவா போகப் போறேன்?" என்று கேட்டேன்.

இரண்டாவது பெட்டி பார்க்க அழகாக இருந்தது, ஆனால் வெயிலில் வைத்தால் திரையில் என் முகம்தான் தெரிந்தது. மூன்றாவது உள்ளங்கை அளவு. ஆங்கிலத்தில் மட்டும் பேசும். ஆனால் சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும், வெயிலில் தெரியும், போன இடங்களை நாம் வைக்கும் பெயரில் ஐந்நூறு வரை சேமிக்கலாம்.

"இது போதும் பாய்."

"இத யாரும் கேக்குறதில்லம்மா. ஆனா உழைக்கும்" என்றார் பாய். விலை ஏழாயிரத்துச் சொச்சம். கணவர் கிளம்பும்போது பத்து அங்குலத் திரையை இன்னொரு தடவை தடவிவிட்டு வந்தார்.

இரண்டே மாதத்தில் என் நோயாளிகள் எல்லாரும் பெட்டிக்குள் வந்துவிட்டார்கள். எல்லாம் மாட்டின் அடையாளம்தான். உதைக்கிற கறுப்பு. மூணு காம்பு. வெள்ளை நெத்திச் செவலை. ஒத்தைக் கொம்பு. மூன்று எழுத்து தட்டினால் போதும், பெட்டி கொண்டுபோய் விட்டுவிடும். யாரிடமும் வழி கேட்பதையே நிறுத்திவிட்டேன். தலைக்கனம் ஏறிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

பெட்டி வாங்கி ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு பெண் போன் செய்தாள். "டாக்டரம்மா, ஒத்தைக் கொம்பு மாட்டு வீட்டுல இருந்து பேசுறேன். விடியக்காலத்துல இருந்து முக்குது. முன்னங்கால் ரெண்டும் தெரியுது, தலை வரல. இங்கன உள்ள டாக்டரு ஊர்ல இல்ல."

தலை உள்ளே மடங்கியிருக்கிறது என்று புரிந்தது. நேரமானால் கன்று போய்விடும், அப்புறம் தாயும் போய்விடும். "வாரேன்" என்றேன். அவள் வழி சொல்ல வாயெடுத்தாள். "வழி எல்லாம் எங்கிட்ட இருக்கு" என்று போனை வைத்தேன்.

ரெட்டியார்சத்திரம் தாண்டி அந்தத் தோட்டத்துக்குப் பெட்டி பிசகாமல் கொண்டுபோய்விட்டது. தொழுவம் காலி. தோட்டக்காரர் வாசலில் உட்கார்ந்து தென்னங்கீற்று கிழித்துக்கொண்டிருந்தார்.

"மாடு எங்க?"

"அத வித்து நாலு மாசமாச்சே டாக்டரம்மா. முதுகு ஆபரேசனுக்கு அப்புறம் புல்லுக்கட்டுத் தூக்க முடியல. சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கொடுத்தேன். கையோட உங்க நம்பரையும் கொடுத்துவிட்டேன்."

மாடு கைமாறும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. இத்தனை இடத்தையும் நாலு காலில் நடக்கிற ஜீவன்களின் பேரில் சேமித்து வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. எல்லாரும் தொழுவத்தில் இருப்பார்கள். விஷயத்தைச் சொன்னதும் தோட்டக்காரர் கீற்றைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"வண்டிய எடுங்க. வழி எனக்குத் தெரியும்."

முன்சீட்டில் உட்கார்ந்தவர் செம்பட்டி தாண்டியதும் முழிக்க ஆரம்பித்தார். அதற்குள் பெட்டி வேறு, திரும்பு திரும்பு என்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தது.

"அந்தம்மா என்ன சொல்லுது?"

"உங்க வீட்டுக்கே திரும்பிப் போகச் சொல்லுது."

"அங்கதான் மாடு இல்லையே. அதுக்கிட்டயும் சொல்லுங்க."

பெட்டியை அணைத்தேன். "நீங்க வழியச் சொல்லுங்க."

அவர் தயங்கினார். "மினி லாரியில ஏத்திட்டுப் போனோம். நான் பின்னாடி மாட்டுகூட நின்னு, கேபின்ல முதுகச் சாச்சுக்கிட்டு, கயித்தப் புடிச்சுக்கிட்டு, அது மூஞ்சியையே பாத்துக்கிட்டுப் போனேன். பின்னாடி பாத்தாத்தான் ரோடு வெளங்கும்."

"திரும்பி வாரப்ப?"

"வாரப்ப நான் எதையும் பாக்கல."

பின்சீட்டுக்கு மாறி, மண்டி போட்டு, பின்கண்ணாடி வழியாகப் பார்த்தபடி வந்தார். வழி உண்மையிலேயே விளங்கியது. ஆனால் ஒவ்வொரு திருப்பமும் தாண்டிய பிறகுதான் விளங்கியது. "இந்தா, இந்தச் செங்கச் சூளைதான், தாண்டிட்டோம்" என்பார். நான் ரிவர்ஸ் எடுப்பேன். "இந்தக் கெணறுதான், தாண்டிட்டோம்." மறுபடியும் ரிவர்ஸ். ஒரு வேலிக் கல்லில் பம்பர் இடித்தது. பத்து அங்குலத் திரையும் அதைத் தடவிய கையும் நினைவுக்கு வந்தன. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. உள்ளுக்குள் பயம், அந்தக் கன்றுக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கும் என்று.

போய்ச் சேர்ந்தபோது மாடு படுத்துவிட்டிருந்தது. அவர் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்து ஒற்றைக் கொம்பைப் பிடித்துக்கொண்டார். "ஏத்தா, நான்தான்" என்றார். அது காதை மட்டும் அசைத்தது. நான் தோள்வரை சோப்பு போட்டுக்கொண்டு கையை உள்ளே விட்டேன். கன்றின் வாய்க்குள் விரல் வைத்தேன், சப்பியது. உயிர் இருக்கிறது. கன்றைப் பின்னால் தள்ளி, தலையைத் திருப்பி, கயிறு போட்டு இழுக்க முக்கால் மணி நேரமானது. கிடேரிக் கன்று. தாய் அதை நக்க ஆரம்பித்தது. நடுவில் ஒரு தடவை அவர் கையையும் நக்கியது. அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "வேர்க்குது" என்றார்.

அவரைத் திரும்பக் கொண்டுவந்து விட்டேன். அவர் வீட்டு வாசலில் பெட்டியை எடுத்து ஒத்தைக் கொம்பை அழிக்கப் போனேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"மாடு இல்லேன்னா எங்க வீடும் அதுல இருக்காதாக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. ஆறு வருஷமாக அந்த வீட்டில் மோர் குடித்திருக்கிறேன். இடத்தை அழிக்காமல் பெயரை மட்டும் எடுத்துவிட்டு, "உங்க பேரு என்ன?" என்று கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அவர் சொன்னார். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இனிஷியலையும் போட்டுக்கங்க டாக்டரம்மா. ஊர்ல இதே பேர்ல நாலு பேரு இருக்கோம்."