டங்டங் மாஸ்டர் வீட்டில் போட்ட ஃபிரைடு ரைஸ்

சைனீஸ் ஹோட்டல் சமையலறையில் அவருக்கு டங்டங் மாஸ்டர் என்று பேர். வாணலி விளிம்பில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டாமல் ஒரு ஃபிரைடு ரைஸையும் அவர் இறக்கியதில்லை. பெற்றவர்கள் வைத்த பேரை முதலாளியே மறந்துவிட்டார்.

கைதான் வேகம் என்றால் மூக்கும் நாக்கும் அதற்கு மேல். சாஸ் பாட்டிலின் மூடியைத் திறந்த உடனே புதுசா பழசா என்று சொல்லிவிடுவார். அந்தத் திமிர் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக்கு வந்தால் மனைவி பாடு திண்டாட்டம்தான். கோழியில் உப்பு தூக்கல், முட்டையில் மிளகு மட்டு, சோறு குழைந்துவிட்டது என்று தட்டின் முன்னால் உட்கார்ந்து நீதிபதி மாதிரி தீர்ப்புச் சொல்லுவார். "இதை ஹோட்டல்ல வச்சா மூஞ்சில விட்டெறிவான்" என்பார் வாய் கூசாமல். சரி, நீங்களே ஒரு நாள் ஆக்கிக் காட்டுங்களேன் என்றாலோ, "நாள் பூரா நெருப்புல வேகுறேன், வீட்டுலயுமா?" என்று எகிறுவார். என்ன மனுஷனோ!

அப்படிப்பட்டவருக்குத்தான் போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, போகும்போது மூக்கையும் நாக்கையும் வாரிக்கொண்டு போய்விட்டது. மிளகாய் மட்டும் சுட்டது. உப்பு, புளிப்பு, இனிப்பு, கருகல், ஊசல் ஒன்றும் கிடையாது. எதை வாயில் போட்டாலும் ஈரத்துணியை மெல்லுகிற மாதிரி இருந்தது. டாக்டர், "வரலாம், வராமலும் போகலாம்" என்று கையை விரித்தார். டாக்டரைத் தவிர வேறு ஈ காக்கைக்குக்கூட அவர் மூச்சு விடவில்லை. கண் தெரியாத டிரைவரையும் ருசி தெரியாத மாஸ்டரையும் யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்?

ஹோட்டலில் பிழைப்பு எப்படியோ ஓடியது. அதே வாணலி, அதே கரண்டி, கைக்கு எட்டுகிற இடத்தில் அதே டப்பாக்கள். உப்பு இல்லாமல் வெந்து ஆறிய சோறு கூடையில் வரும். கரண்டி நுனியில் உப்பு, பாதிக் கரண்டி சோயா சாஸ், ஒரு தூவல் வெள்ளை மிளகு. இத்தனை வருஷப் பழக்கத்தில் கை பாட்டுக்கு அள்ளிப் போடும். நாக்கு செத்துப்போனது யாருக்கும் தெரியவில்லை.

அதற்கும் வந்தது கேடு. முதலாளி ஒரு புதுத் தலைமைச் சமையல்காரரைக் கொண்டுவந்தார். அந்த ஆள் ஒவ்வொரு வாணலியிலும் ஸ்பூனை விட்டு, "மாஸ்டர், நீங்களும் ருசி பாருங்க, என்ன குறையுது சொல்லுங்க" என்று நீட்ட ஆரம்பித்தான். மாஸ்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நழுவினார். பல்வலி, வாய்ப்புண் என்று எத்தனை நாளைக்குத்தான் சாக்குச் சொல்வது?

அந்த நேரம் பார்த்து மனைவியின் அண்ணன் வந்து சேர்ந்தார். டயர் கடை வைத்திருக்கிறவர். கடைக்குப் பக்கத்து அறை காலியாகிறது, அதில் ஃபிரைடு ரைஸ் கடை போடலாம், நீங்கதான் மாஸ்டர், உங்களுக்கு மேலே யாரும் கிடையாது என்றார். மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கே ஸ்பூன் நீட்ட ஆள் இருக்காது.

"ஆனா மாப்ள, உங்க கைச் சமையலை நான் இதுவரைக்கும் சாப்பிட்டதே இல்லையே. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வர்றேன், ஒரு சிக்கன் ஃபிரைடு ரைஸ் போட்டுக் காட்டுங்க" என்றார் அண்ணன்.

மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்காரர் வீட்டு அடுப்பில் சமைக்கப்போகிறார், அதுவும் அண்ணனுக்கு! மாஸ்டர் கேட்டதெல்லாம் இரண்டே வேலை. முதல் நாளே சோற்றை உதிரியாக வடித்து, தட்டில் பரப்பி, ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். கோழியைக் கழுவி எலும்பில்லாமல் நறுக்க வேண்டும். அவள் அதற்கு மேலும் செய்தாள். யாரோ ஃபோனில் காட்டியதைப் பார்த்து, சோறு பொலபொலவென்று வரட்டும் என்று உலையில் கைநிறைய உப்பைப் போட்டாள். கோழியிலும் உப்பைப் பிசறி ஊறவைத்தாள். அவர் பேர் கெட்டுவிடக் கூடாதே என்கிற ஆசைதான். இதையெல்லாம் சொன்னால் "எவ கேட்டா உன்னை?" என்று கத்துவார் என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தார். "இது அடுப்பா, மெழுகுவத்தியா?" என்று திட்டினார். சின்னத் தீ என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். முட்டையை உடைத்துக் கிளறி ஓரம் தள்ளினார். கோழி வெள்ளையாகிச் சிவந்ததும் பீன்ஸ், கேரட், கோஸ். பிறகு சோறு. கை பாட்டுக்கு உப்பு, கை பாட்டுக்கு சாஸ், கை பாட்டுக்கு மிளகு. வெங்காயத்தாளைத் தூவி, விளிம்பில் டங் டங்.

பார்க்க என்னவோ அட்டகாசமாகத்தான் இருந்தது. "அடடா, கடை போர்டுல இதைத்தான் படமாப் போடணும்" என்றபடி அண்ணன் ஒரு வாய் வைத்தார். மென்றது பாதியிலேயே நின்றது. தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். பெரிய மனுஷன், முகம் சுளிக்காமல், "நீங்களும் உக்காருங்க மாப்ள" என்றார்.

மாஸ்டர் உட்கார்ந்தார். தட்டு நிறையப் போட்டுக்கொண்டு ஒரு வாய், இரண்டு வாய், மூன்றாவது வாய். "பாத்தீங்களா மச்சான், உப்பு, சாஸ், மிளகு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது. அதான் அளவு!" என்றார் வாய் நிறைய.

அடுப்படியில் வாணலியில் ஒட்டியிருந்ததை எடுத்து வாயில் போட்ட மனைவி அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "ஐயையோ, உப்பு! அண்ணா சாப்பிடாதீங்க, துப்புங்க! சோத்துலயும் கோழியிலயும் நான்தான் முன்னாடியே உப்பு போட்டுத் தொலைச்சிட்டேன்!"

சொன்ன பிறகுதான் அவள் புருஷனைப் பார்த்தாள். அண்ணனும் பார்த்தார். மாஸ்டர் நாலாவது வாயை விழுங்கிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, உங்களுக்குத் தெரியலையா?"

"ஹோட்டல் ருசி கொஞ்சம் தூக்கலாத்தான்..." என்று மாஸ்டர் இழுத்தார். நாக்கு குழறியது. அண்ணன் டயர் விற்கிறவர்தான், மடையர் இல்லை. எழுந்து கை கழுவினார். தோளில் கை வைத்து, "நல்ல டாக்டராப் பாருங்க. கடை விஷயம் அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அப்புறம் என்று ஒன்று கிடையாது என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

அவர் படியிறங்கிப் போனதும் மனைவி எதிரே உட்கார்ந்தாள். "எப்பலேருந்து?" என்றாள்.

"அந்தக் காய்ச்சல்லேருந்து."

"வாசமும் தெரியாதா?"

"எதுவுமே தெரியாது."

அவள் கண் கலங்கியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா? ஒத்தையில கிடந்து இப்படியா அவஸ்தைப்படுவீங்க?" என்று அழுதாள். மாஸ்டர் அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். சொல்லியிருக்கலாம்தான், இவளிடம் ஏன் இத்தனை நாள் மறைத்தோம் என்று தன்னையே நொந்துகொண்டார்.

திடீரென்று அவள் அழுகை நின்றது. பிடித்திருந்த கையை மெதுவாக விட்டாள்.

"அப்போ காய்ச்சலுக்குப் பிறகு தினமும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சாப்பிட்டீங்களே. நேத்துகூட இன்னும் கொஞ்சம் போடுன்னு கேட்டீங்களே."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். குறை சொல்லப்போய் மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் சொன்னது என்று எந்த வாயால் சொல்வார்?

"கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு எனக்கும் சமைக்க வந்துடுச்சுன்னு நினைச்சேங்க" என்றாள் அவள். "ஊர் பூரா சொல்லிட்டேன்."