தட்டுத் தண்ணீரும் மாத்திரையும்

போன திங்கட்கிழமை. ஆரப்பாளையம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. முட்டி வலிக்காக டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு மருந்துச் சீட்டை நீட்டினார்.

"இதுல எது சாப்பாட்டுக்கு முன்னாடி, எது பின்னாடின்னு பாத்துச் சொல்லுங்க தம்பி. கண்ணு சரியாத் தெரியல."

குரலைக் கேட்டதும் நிமிர்ந்தேன். ஹஜ்ரத்!

வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். பெயர் சொல்லாமல் எத்தனை வாரம் திட்டியிருக்கிறேன்... ஒரு காலத்தில் அவர் என் ஷெய்கு, ஞானகுரு. அவர் கையைப் பிடித்து முரீது ஆனவன் நான் — சாதாரணச் சீடன் இல்லை, அவர் கழற்றிப் போட்ட செருப்பைத் துடைத்து வைத்தவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் என் தங்கை ஜைனம்பு மவுத்தாகி அடக்கம் செய்த அன்றைக்கு எல்லாவற்றையும் விட்டேன். தர்கா கிடையாது, அல்லா பேரைக் கூடி ஓதும் வியாழக்கிழமை திக்ரு கிடையாது. ஹஜ்ரத் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜைனம்புக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. தினமும் மாத்திரை. கல்யாணமாகி சோழவந்தான் போன பிறகும் எப்போதாவது வந்துகொண்டுதான் இருந்தது. ஹஜ்ரத்திடம் நான்தான் அழைத்துப் போனேன். தட்டு எழுதிக் கொடுத்தார். வெள்ளைப் பீங்கான் தட்டில் குங்குமப்பூ மையால் குர்ஆன் வசனம் எழுதி, அதில் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் குடிக்க வேண்டும். நாற்பது நாள்.

நாற்பது நாள் முடியவில்லை. குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை. மாத்திரையை நிறுத்தியிருந்தாள்.

நிறுத்தச் சொன்னது யார்? ஹஜ்ரத்தான் என்று அன்றைக்கே அவள் புருஷனிடம் சொன்னேன். அந்த மனுஷன் அழுதபடி தலையை ஆட்டினார்.

அப்பேர்ப்பட்ட ஹஜ்ரத் மடியில் இப்போது மாத்திரை டப்பா! ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் டப்பா. எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு குஷி தெரியுமா? ஊருக்கெல்லாம் தட்டு, தனக்கு மட்டும் ஸ்பெஷலிஸ்ட்டா? ஆறு வருஷமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேவிட்டேன்.

"ஏன் ஹஜ்ரத், உங்களுக்குத் தட்டு வேலை செய்யலையோ?"

குரலை வைத்து ஆளைக் கண்டுகொண்டார். கோபப்படவில்லை. அது இன்னும் எரிச்சல்.

"குடிக்கிறேனே தம்பி. காலையில தட்டுத் தண்ணியிலதான் மாத்திரையப் போடுறேன். ஓதுறதும் அல்லா குடுத்தது, மருந்தும் அல்லா குடுத்தது." டப்பாவை அழுத்தி மூடினார். "ஒங்க தங்கச்சிட்டயும் அதத்தான் சொன்னேன். அந்தப் புள்ள ஏன் நிறுத்துச்சுன்னு எனக்கு இன்னைக்கி வரைக்கும் வெளங்கல."

எனக்கு விளங்கும்.

தட்டு எழுதி வாங்கிய அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜைனம்பு கேட்டாள். "மாத்திரையையும் விடாமப் போடணுங்குறாரேண்ணே... அப்ப தட்டு எதுக்கு?"

எங்கள் சூஃபி வழியில் சொல்லித் தரும் முதல் பாடமே, எதற்கும் வெளி ஒன்று, உள் ஒன்று என்பதுதான். ஷெய்கின் வெளிப்பேச்சு ஊருக்கு. உள்ளே இருப்பது முரீதுக்கு மட்டும் புலப்படும். நான் சும்மா முரீதா? செருப்புத் துடைத்தவனாயிற்றே.

"அது ஒப்புக்குச் சொல்றதும்மா. அல்லா மேல நம்ம ஈமான் எம்புட்டு இருக்குன்னு சோதிக்கிறாரு. தட்ட நம்பு, மாத்திரைய விடு."

அண்ணன் சொன்னால் அவளுக்குப் போதும். விட்டாள்.

மாத்திரையைப் போடு என்பதில் என்ன ரகசியம் இருக்க முடியும்? எந்த மடையனுக்கும் புரிகிற பேச்சு — எனக்கு மட்டும் புரியவில்லை. தர்காக் கபுரில் அடங்கிய மகான்கள் நமக்காக அல்லாவிடம் கேட்டு வாங்கித் தருவார்களா என்ற சந்தேகம் எனக்கு இன்றும் உண்டு. நேராகச் சொன்னதை நேராகக் கேட்கவிடாமல் செய்த அந்தப் பாடத்தின் மேல் கோபமும் தீரவில்லை. ஆனால் பாடத்தைப் படித்தவர்கள் எல்லாருமா தங்கச்சியைப் பறிகொடுத்தார்கள்?

இத்தனை வருஷம் அந்த பஸ் பயணத்தை மறந்தா போயிருந்தாய் என்று கேட்பீர்கள். இல்லை. மறந்தவன் மாதிரி இருந்தேன். ஹஜ்ரத்தைத் திட்டத் திட்ட அது சுலபமாக இருந்தது... நீங்களும் வாசித்து, சபாஷ் என்று கடிதம் போட்டீர்கள்.

சீட்டை வாங்கிப் படித்தேன். "மொத ரெண்டும் முன்னாடி, மத்ததெல்லாம் பின்னாடி ஹஜ்ரத்." நல்லா இருங்க தம்பி என்று துஆ செய்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

வெளியே வந்து சோழவந்தானுக்குப் போன் போட்டேன். ஜைனம்பு புருஷன்தான் எடுத்தார்.

"என்ன மச்சான், முட்டி எப்படி இருக்கு?"

"பரவாயில்ல மாப்ள" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவர் வாராவாரம் இந்தப் பத்தியை ஒரு வரி விடாமல் வாசிப்பவர்.

மாப்ள... நிறுத்தச் சொன்னது நான்.