சொல்லிப் பார்த்த வசனம்

“எங்க அண்ணன் வீட்டு வாசப்படிய இனிமே நான் மிதிக்க மாட்டேன்,” என்கிறார் கதைக்காரர், துணி மடித்துக்கொண்டிருக்கும் மனைவியின் முதுகைப் பார்த்து.

“மிதிக்காட்டி போங்க, இங்க யாரு அழுதா?” என்கிறார் அந்த அம்மாள், திரும்பாமலே.

கதைக்காரரின் முகம் மலர்ந்துவிடுகிறது. இவருக்கு அண்ணனே கிடையாது என்பது அந்த அம்மாளுக்கு அடுத்த துண்டை மடிக்கும்போதுதான் உறைக்கிறது. அதற்குள் மனிதர் மேஜைக்கு ஓடிவிட்டார். வசனம் தேறிவிட்டது.

பிழைப்புக்கு இவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டங்களுக்குள் கண்ணாடி பொருத்துகிறார். பெயர் வாங்கித் தந்தது பத்திரிகைக் கதைகள். கடையில், தெருவில், வீட்டில் எல்லாருக்கும் அவர் கதைக்காரர்தான். கதையில் யாராவது வாய் திறந்தால், அந்தப் பேச்சை முதலில் மனைவியிடம் சொல்லிப் பார்த்துவிடுவார். முன்னறிவிப்பு இருக்காது. அந்த அம்மாள் அதை வீட்டுப் பேச்சென்று நினைத்துப் பதில் சொல்லிவிட்டால் ஜெயம். “எந்தக் கதைக்கு?” என்று திரும்பிக் கேட்டுவிட்டால் தோல்வி. “இது தேறாது” என்று தீர்ப்பும் வந்துவிட்டால் அப்பீல் கிடையாது. கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுத வேண்டியதுதான். இத்தனைக்கும் அந்த அம்மாள் அவர் கதை ஒன்றைக்கூடப் படித்ததில்லை. “கண்ணாடியத் தேடிப் போட்டுக்கிட்டு யாரு படிப்பா?” என்பார், கண்ணாடிக்காரர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு.

சரக்கெல்லாம் கடையில்தான் கிடைக்கும். புதுச் சட்டத்தை மாட்டிக்கொண்டு ஒரு பெண் புருஷனிடம், “எனக்கு எப்பிடி இருக்கு?” என்பாள். “நல்லாருக்கு, நல்லாருக்கு” என்று அவன் இரண்டு தடவை சொன்னால் நன்றாக இல்லை என்று அர்த்தம். கதைக்காரர் திருகாணியை முடுக்கியபடியே காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். “மனுஷன் சொல்ல வந்தத முழுசா சொல்லவே மாட்டான் சார். பாதிய முழுங்கிடுவான். அந்த முழுங்குனதக் கேட்டுட்டா கதை முடிஞ்சுது,” என்று தொழில் ரகசியத்தைக் கேட்பவர் கேளாதவர் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

கொஞ்ச காலமாக வீட்டில் தோல்விக்கு மேல் தோல்வி. எதைச் சொன்னாலும் “எந்தக் கதைக்கு?” என்றே பதில் வந்தது. பிறகு பத்திரிகை ஆசிரியரும் போனில் கூப்பிட்டார். “தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஆளுங்க முன்ன மாதிரி பேச மாட்டேங்கறாங்களே. எல்லாரும் மேடையில நிக்கிற மாதிரி கடைசி வரைக்கும் பேசி முடிச்சுட்டுத்தான் ஒக்கார்றாங்க.”

கதைக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆசிரியருக்குக் கதை பார்க்கத் தெரியவில்லை என்று திட்டிக்கொண்டே கடைக்குப் போனார். அங்கே ஒரு பெண் தன் அம்மாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். குரல் நின்ற பிறகும் அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார். ஜனங்கள் விழுங்குகிற பாதி அவருக்கு எட்டவே இல்லை. எட்டாத இடத்தையெல்லாம் இத்தனை நாளாகத் தானே நிரப்பி எழுதியிருக்கிறார்.

காது டாக்டர் பரிசோதித்துவிட்டு, இரண்டு காதும் குறைந்துகொண்டே வருகிறது, போனது திரும்பாது, மெஷின் வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம் என்றார். காது போனாலும் கண்ணாடிக் கடையில் காலம் தள்ளலாம். கதையில் தள்ள முடியாது. மனிதர் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். மனைவி அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எனக்குக் காது போய்க்கிட்டு இருக்காம். டாக்டர் சொல்லிட்டாரு. இனிமே அது திரும்பி வராதாம்.”

“இது தேறாது,” என்றார் அந்த அம்மாள், துடைப்பதை நிறுத்தாமல். “காது போனவன் இப்பிடியா பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒப்பிப்பான்? மொதல்ல உங்க ஆள ஒக்காரச் சொல்லுங்க.”

கதைக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

வழக்கமாக அடுத்த நிமிஷமே திருத்திய வசனம் வந்துவிடும். வரவில்லை. மேடை முழுக்கத் துடைத்தாயிற்று, அப்போதும் வரவில்லை. அந்த அம்மாள் ஈரத்துணியோடு திரும்பிப் பார்த்தார்.

“ஏங்க, கதைக்குத்தானே?”

அவர் தலையை ஆட்டினார். இல்லை.

அந்த அம்மாளுக்குத் தன் வாயைத் தானே கிள்ளிக்கொள்ளலாம் போலிருந்தது. கிட்ட வந்து நின்று, “எப்பலேருந்து… நான் பாட்டுக்கு…” என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. கதைக்காரருக்கு மிச்சமும் விளங்கிவிட்டது. ஈரத்துணியோடு சேர்த்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு மேஜைப் பக்கம் அவர் போகவில்லை.

மெஷின் பொருத்த இருவருமாகப் போனார்கள். காத்திருக்கும் அறையில் பின்வரிசையில் ஒரு கிழவரும் அவர் மகளும் அடிக்குரலில் ஏதோ வழக்காடிக்கொண்டிருந்தார்கள். கதைக்காரருக்கு அது இரைச்சலாக மட்டும் வந்தது. அடுத்தவர் பேச்சைக் கேட்பது அந்த அம்மாளுக்கு அறவே பிடிக்காது. பக்கத்து வீட்டில் குரல் உயர்ந்தால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வருகிறவர்.

“மெஷின மாட்டுனாலும் அந்த முழுங்குற பாதி கேக்குமான்னுதான்…” என்று கதைக்காரர் மெதுவாகத் தொடங்கினார். “கேக்காட்டி நான் என்னத்த…”

அந்த அம்மாள் அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, பேசாமலிருக்கச் சொல்லி விரலை உயர்த்தினார். பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்கிற சாக்கில், கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வரிசைப் பக்கம் சாய்ந்தார்.