வலது ஓரத்துக்கு ஓர் ஆள்

பிள்ளைகளே, உங்களுக்குப் பர்மீஸ் ஓடும், தமிழ் நடக்கும். அதனால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதப் பார்க்கிறேன். நானும் கோயில் பள்ளிக்கூடத்தில் கற்ற தமிழோடு நின்றவன்தான். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

இது இந்த மழைக்காலத்தில் நடந்தது. நம் தெருப் பந்தாட்ட அணிக்கு மழைக்காலம் ஓய்வு. மழை விட்டுக் குளிர் தொடங்கும்போதுதான் போட்டிகள். அதுவரை ஞாயிறுகளில் எங்களுக்குள் ஆடிக்கொள்வதோடு சரி. ஆனால் அந்த ஓய்வில்தான் எங்களுக்கு உட்கார நேரம் இருக்காது. யார் இருக்கிறார்கள், யார் போகிறார்கள், புதிதாக யாரைச் சேர்ப்பது என்று டீக்கடையில் பேசிக்கொண்டே இருப்போம். இந்த வருஷம் அந்தப் பேச்சு ஒரே கேள்வியில் வந்து சிக்கிக்கொண்டது. விங்குக்கு இன்னும் ஆள் வேண்டுமா, வேண்டாமா?

விங் என்றால் மைதானத்தின் ஓரம். அங்கே ஆடுகிறவன் கோட்டை ஒட்டியே ஓடுவான். தனக்கு வரும் பந்தை வாங்கிக்கொண்டு போய், எதிரணியின் கோலுக்கு முன்னால் நிற்கிற நம் ஆளுக்குத் தூக்கிப் போடுவான். நான் கோலி, நம் கோலைக் காக்கிறவன். பந்தைப் பிடித்ததும் வலப்பக்கம்தான் உதைப்பேன். அங்கே என் தம்பி, உங்கள் சித்தப்பா, நிற்பான். அவன் நிற்கிறானா என்று நான் பார்ப்பதே இல்லை. இருட்டில் சாப்பிட்டாலும் கை வாய்க்குத்தானே போகும், அப்படி.

இடது ஓரத்தில் ஓடியவன் போன குளிர்காலத்திலேயே தாய்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்டான். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. ஆட்டத்தன்று அவனுக்காகக் காத்திருந்தோம், வரவில்லை, அவ்வளவுதான். அப்புறம் உங்கள் சித்தப்பாவும் மலேசியாவுக்குப் போக ஏஜெண்டிடம் பேர் கொடுத்தான். போன் வரும் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டுதான் அவன் சாப்பிடுவதும் தூங்குவதும். போகாதே என்று நான் சொல்லவில்லை. இங்கே அவனுக்கு என்ன வேலை கிடைக்கிறது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் போய் வா என்று சொல்லவும் வாய் வரவில்லை.

டீக்கடைக்காரர்தான் எங்களுக்குப் பந்து சொல்லிக்கொடுப்பவர். அவரைச் சயா என்றே எல்லோரும் கூப்பிடுகிறோம். பர்மீஸில் சயா என்றால் வாத்தியார். ஒரு சாயங்காலம் அவர் டீயை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஊர்க்கோடியில, ஷ்வேப்யிதாவுல ஒரு பையன் இருக்கான். நம்ம தமிழ்ப் பையன்தான். செருப்புக் கம்பெனியில வேலை. விங்குல நல்லா ஓடுறானாம். வரச் சொல்லட்டா?"

"வேணாம் சயா," என்று முந்திக்கொண்டேன். "விங்குல எதுக்கு அத்தன பேரு? நடுவால ஆடிக்கலாம்."

"நடுவால ஆட நடுவுல யாரு இருக்கா? இந்தத் தொப்பையா?"

நடுவில் ஆடுகிற தடியர் பாதி ரொட்டியோடு நிமிர்ந்தார். "தொப்பைய ஏன் சயா இழுக்குறீங்க? அது பாட்டுக்குச் சும்மாதான இருக்கு!"

"சும்மா இருக்குதுன்னுதாம்ப்பா நானும் சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வலது பக்கம்தான் தம்பி இருக்கானே சயா," என்றேன்.

"இருக்கானா?" என்றார் சயா.

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். அவன் டீயைச் சாசரில் ஊற்றி ஊதிக்கொண்டிருந்தான். குடித்து முடித்துவிட்டு, "வரச் சொல்லுங்க சயா. ஓடிக் காட்டட்டும், பாப்போம்," என்றான்.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. வெளியே போனேன், நனைந்தேன், திரும்ப உள்ளே வந்தேன். அந்த வாரம் முழுக்க அலோன் பக்கம் நான் வேலை பார்க்கும் கிட்டங்கியில் மூட்டை அடுக்கும்போதும் இதே நினைப்பு. அவன் போனால் அணியில் அவன் இடம் காலியாகிவிடும் என்றால், அதுவே அவனைப் பிடித்து நிறுத்தும் என்று நம்பினேன். அதில் வேறு ஒருவனைக் கொண்டுவந்து வைத்துவிட்டால், இங்கே உன் வேலை முடிந்தது, நீ புறப்படலாம் என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடாதா?

ஞாயிற்றுக்கிழமை மிங்கலா தாங்ஞுன்டில் ரயில் பாதையை ஒட்டிய மைதானத்துக்கு உங்களையும் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு ஓரமெல்லாம் குளமாகக் கிடந்தது. அந்தப் பையன் பூட்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தொப்பலாக வந்து சேர்ந்தான். தம்பியைப் பார்த்து, "அக்கோ, மன்னிச்சுக்க. நான் வேகம்தான், பஸ்ஸுதான் மெதுவு," என்றான். அக்கோ என்றால் அண்ணன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அணியை இரண்டாகப் பிரித்தார்கள். தம்பி வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. "இன்னிக்கு நான் பின்னால ஆடுறேன். இவன நான் பாத்துக்கிறேன்," என்றான். இடுப்பிலிருந்து போனை எடுத்துப் பெரியவளிடம் கொடுத்தான். "அடிச்சா ஓடியா, என்ன?"

பிறகு அந்தப் பையனை அவன் படுத்திய பாடு இருக்கிறதே! தோளால் இடித்தான், வழியை மறித்தான், சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"என்னடா, ஷ்வேப்யிதாவுல நீச்சல்தான் சொல்லித் தர்றாங்களா?"

"அக்கோ விடு! சட்டை கம்பெனியோடது!"

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பையன் சரிப்படமாட்டான், திருப்பி அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். அப்போது பந்து தண்ணீரில் விழுந்து நின்றது. தம்பி சறுக்கிக்கொண்டே பாய்ந்தான். பையன் அவசரப்படவில்லை. கட்டைவிரலைப் பந்துக்கு அடியில் கொடுத்து, கரண்டியால் அள்ளுகிற மாதிரி தூக்கி, தம்பியின் தலைக்கு மேலே விட்டான். தம்பி தண்ணீரில் தொப்பென்று உட்கார்ந்தான். பையன் சுற்றிக்கொண்டு போய்ப் பந்தைத் தூக்கிப் போட, தடியர் தலையால் முட்ட, அது என்னைத் தாண்டிப் போய்விட்டது. தம்பி தண்ணீரில் உட்கார்ந்தபடியே சிரித்தான். அப்படி அவன் சிரித்துப் பல மாதம் ஆயிற்று.

ஆட்டம் முடிந்ததும் சயா தம்பியைக் கேட்டார். "என்னப்பா, எப்படி?"

"எடுத்துக்குங்க."

"அப்ப இடது பக்கம் போட்டுக்கலாம்," என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"இல்லண்ணே. வலதுகால் பையன். வலது பக்கம் போடுங்க."

"வலது உன் எடம்டா."

"அதான் சொல்றேன்," என்றான்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் நீங்கள்தான் பேசிக்கொண்டு வந்தீர்கள்.

ஆனால் போன் வரவில்லை. ஏஜெண்ட் அடுத்த வாரம் என்றார், அதற்கும் அடுத்த வாரம் என்றார். தம்பி பெட்டியைக் கட்டினான், ஒரு சட்டை எடுப்பதற்காக அவிழ்த்தான், மறுபடியும் கட்டினான். ஞாயிறானால் வழக்கம்போல மைதானத்துக்கு வந்தான். வலது ஓரத்தில் பையன் ஓடினான். இடது ஓரம் காலி. "போன் வர்ற வரைக்கும் இங்க நிக்கிறேன்," என்று தம்பி அங்கே போய் நின்றான். அவனுக்கு இடதுகால் ஆகவே ஆகாது. உதைத்தால் பந்து சாக்கடைக்குப் போகும், இல்லாவிட்டால் தண்டவாளத்துக்குப் போகும்.

"பாரு பாரு," என்று தடியர் கத்துவார், "பந்த மொதல்ல மலேசியாவுக்கு அனுப்புறான், எடம் புடிச்சு வைக்க!"

எனக்கும் பழக்கம் விடவில்லை. பந்தைப் பிடித்ததும் பார்க்காமல் வலப்பக்கம் உதைப்பேன். ஓடி வந்து வாங்குகிறவன் ஷ்வேப்யிதாப் பையன். நன்றாகத்தான் வாங்கினான். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்றது.

போன ஞாயிறு நடந்தது உங்களுக்கே தெரியும். பெரியவள் கையில் போன் அடித்தது. ஆட்டம் அப்படியே நின்றுவிட்டது. அவள் தண்ணீரில் தபதபவென்று ஓடினாள். தம்பி கையைச் சட்டையில் துடைத்தான், சட்டையும் சேறு. போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ம்... ம்... சரி... சரி," என்றான். நான் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போனைக் கீழே இறக்கினான். "அண்ணிதான். வரும்போது பச்ச மொளகா வாங்கிட்டு வரணுமாம்."

தடியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சயாவும் சிரித்தார். நான் முகம் கழுவுகிற சாக்கில் மழையைப் பார்த்து நின்றேன். இன்றைக்கு மிளகாய். நாளைக்கு அடிக்கும்போது என்னவாக இருக்கும்? பெட்டி கட்டியவனை ஒரு பந்து விளையாட்டால் நிறுத்த முடியுமா? முடியாது என்று தெரிந்துகொண்டே இத்தனை நாள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

சயாவிடம் போனேன். "சயா, இடது பக்கத்துக்கும் ஒரு ஆளப் பாருங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "விங்குக்கு ஆளே வேணாம்னவன் நீதான? அங்கதான் உன் தம்பி நிக்கிறானே?"

"நிக்கட்டும் சயா. நிக்கிற வரைக்கும் நிக்கட்டும். நீங்க பாத்து வைங்க."

கோலுக்குத் திரும்பினேன். கொஞ்ச நேரத்தில் பந்து என் கைக்கு வந்தது. வலப்பக்கம் கால் தானாகத் திரும்பியது. நிறுத்தினேன். இடப்பக்கம் பார்த்தேன். முழங்கால் வரை சேறோடு தம்பி கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"போடுண்ணே!"

போட்டேன். அவன் அதை இடதுகாலால் வாங்கப் பார்த்தான். பந்து சாக்கடைக்குப் போயிற்று. நீங்கள் இரண்டு பேரும் கைகொட்டிச் சிரித்தீர்கள். அவன் உங்களை முறைத்துவிட்டு, பந்தை எடுக்க ஓடினான்.