சைக்கிள்தானே

பிலோமினாவின் கணவர் சவரிமுத்து, நெய்வேலிச் சுரங்கத்தில் வீட்டு உயரம் நிற்கும் டம்பர் லாரியை ஓய்வுபெறும்வரை ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர். அவரைக் கொன்றது ஒரு சைக்கிள். காலையில் நடைபாதையில் நடந்துகொண்டிருந்தவரை, போனைப் பார்த்துக்கொண்டே எதிரே சைக்கிளில் வந்த ஒருவன் இடித்துத் தள்ளினான். விளிம்புக்கல்லில் பின்மண்டை மோதியது.

துக்கம் கேட்க வந்தவர்கள், "சைக்கிளா?" என்று இழுத்தார்கள். ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பை அடக்கத்தான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

அன்றிலிருந்து ஷிப்ட் விடும் நேரத்தில் மந்தாரக்குப்பத்து வீட்டு வாசலில் நின்று, சைக்கிளில் வருபவர்களைப் பார்த்துக் கத்துவாள்: "ராங் சைடுல வந்துகினு இருக்கியே, கண்ணு அவிஞ்சு பூடுச்சா? பெல்லு எதுக்குடா வெச்சிருக்க?"

"சைக்கிள்தானம்மா!" என்று சிரித்தபடி போவார்கள்.

நேற்று வடலூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பேச்சுவாக்கில், "வூட்டுக்காரரு எப்படிங்க தவறினாரு?" என்று கேட்டாள்.

பொய் பேசி அறியாத பிலோமினா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"லாரி மோதிடுச்சுங்க."

"ஐயோ, தாயே!" என்று அந்தப் பெண் அவள் கையை இறுகப் பற்றினாள். அந்த ஒரு கைக்காகவே காத்திருந்தவள்போல் பிலோமினா வாய்விட்டு அழுதாள்.