முன் இருக்கையில் ஹோல்கர்

வியாழக்கிழமை என்றால் ரிக்மோரின் காரில் முன் இருக்கை ஹோல்கருக்குத்தான். ஒருமுறை மயங்கி விழுந்த பிறகு அவர் கார் ஓட்டக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் காலையில் அவர் வீட்டு வாசலில் போய் ஹாரன் அடிப்பாள். அவர் காபி பிளாஸ்க்கையும், கல்லீரல் மசியல் தடவிய கறுப்பு ரொட்டிப் பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு வந்து ஏறுவார். வீபோர்க் ஆவணக் காப்பகம் போய்ச் சேரும்வரை அவள் ஓட்டுவதைக் குறை சொல்லிக்கொண்டே வருவார்.

"ஏன் இப்படி உருட்டற? டிராக்டர்காரன்கூட நம்மளத் தாண்டிப் போறான்."

"அவசரம்னா இறங்கி டிராக்டர்ல போ."

ஹான்ஸ்ட்ஹோல்ம் துறைமுகத்து மீன் ஆலையில் கத்தி பிடித்தே வயதானவள் ரிக்மோர். கணவன் இறந்துவிட்டான், பிள்ளை இல்லை. மிச்சமிருந்த ஒரே சொந்தம் அவளுடைய அம்மா கார்லா. தொண்ணூறைத் தாண்டி, முதியோர் இல்லத்தில் இருந்தாள். கார்லா, ஒரு பண்ணை வேலைக்காரிக்குக் கல்யாணமாகாமல் பிறந்தவள். தகப்பன் யாரென்று சொல்லாமலே அந்த வேலைக்காரி செத்துப்போனாள். தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவிலும் தகப்பன் பெயர் எழுதும் இடம் வெறுமையாகத்தான் இருந்தது.

"எனக்குச் சொத்து வேணாம். ஒரு பேரு வேணும். சாகறதுக்குள்ள யாரைத் திட்டணும்னாவது தெரிஞ்சுக்கறேன்" என்பாள் கார்லா. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் சொல்வாள்.

ரிக்மோர் போய் நின்றது ஹோல்கரிடம்தான். ஊர் வரலாற்றுச் சங்கத்தில் பழைய தாள் என்றால் எல்லோரும் அவரைத்தான் கேட்பார்கள்.

"கல்யாணமாகாதவளுக்குக் குழந்தை பொறந்தா, அப்பன் மாசாமாசம் பணம் கட்டணும்னு உத்தரவு போட்டது மாவட்ட ஆட்சி அலுவலகம்" என்றார் அவர். "அந்தத் தாளெல்லாம் வீபோர்க்ல இருக்கு. உனக்கு அந்த எழுத்து படிக்க வராது. நானே கூட வரேன்."

கேட்காமலே கூட வருகிறேன் என்று ஒருவர் சொன்னது அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

கார்லா பிறந்த 1921ஆம் ஆண்டின் பதிவேட்டை எழுதிய குமாஸ்தா பழைய காலத்து ஆள். பள்ளிக்கூடங்களே கைவிட்டுவிட்ட கோணல் எழுத்தை அவர் விடவில்லை. ரிக்மோருக்கு அது கோழி கிளறின மண் மாதிரி தெரிந்தது. ஹோல்கர் விரல் வைத்துப் படித்துக் காட்டினார். வேலைக்காரியின் பெயர், மனு வந்த நாள், வழக்கு எண். அவள் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள். அந்த எண் உள்ள பெட்டியை வரவழைத்துப் பார்த்தபோது, இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தாள்கூட இல்லை.

"போச்சு" என்றார் ஹோல்கர். "எலி தின்னிருக்கும். இல்லன்னா எவனாவது குளிருக்கு அடுப்புல போட்டிருப்பான்."

ஆனாலும் அவர் சோர்ந்துவிடவில்லை. ஏழைகள் நிவாரணக் கணக்கைப் பார்க்கலாம் என்றார். பிறகு பக்கத்து ஊர்ப் பதிவுகள் என்றார். ஒரு வருடம் அப்படியே போயிற்று. ஞாயிறுகளில் அவரும் முதியோர் இல்லத்துக்கு வந்து கார்லா வெட்டித் தரும் கேக்கைச் சாப்பிட்டார்.

"என்னப்பா, பேரு கிடைச்சுதா?"

"தேடிக்கிட்டே இருக்கோம் கார்லா."

"மெதுவாத் தேடு. எனக்கு இன்னும் நூறு ஆகல."

பிப்ரவரியில் கார்லா இறந்துபோனாள். சவப்பெட்டியை ஆறு பேர் தூக்க வேண்டும். தலைமாட்டில் இரண்டு பக்கமும் மிக நெருங்கிய சொந்தம் நிற்பது வழக்கம். ஒரு பக்கம் ரிக்மோர் நின்றாள். மறு பக்கத்துக்கு யாரும் இல்லை. முதியோர் இல்லத்துப் பணியாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது ஹோல்கர் வந்து கைப்பிடியைப் பிடித்தார். இப்படி ஒரு நண்பன் யாருக்குக் கிடைப்பான் என்று ரிக்மோர் அன்று அழுதாள்.

அந்த நன்றியில்தான் அவள் நூலகத்தில் நடந்த பழைய எழுத்து வகுப்பில் சேர்ந்தாள். ஹோல்கரிடம் சொல்லவில்லை. ஒரு வியாழக்கிழமை திடீரென்று அவர் முன்னால் படித்துக் காட்டி அசத்த வேண்டும் என்பது அவள் ஆசை. மே மாதம் ஆசிரியை, அவரவர் பக்கம் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னாள். ரிக்மோர் அந்த 1921 பக்கத்தைக் கொண்டுபோனாள். காப்பகத்துக்குக் கூட வந்த ஒருவர் முன்பே படித்துக் காட்டியது என்றும் சொன்னாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். எல்லாம் ஹோல்கர் சொன்னதுதான். ஆனால் ஓரத்தில் பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. '1926க்கு மாற்றப்பட்டது' என்று எழுதி ஓர் எண் போட்டிருந்தது.

"இது என்னது?"

"வழக்கு மறுபடி கிளம்பினா, பழைய தாளையெல்லாம் எடுத்துப் புது எண்ணுக்குக் கொண்டுபோயிடுவாங்க" என்றாள் ஆசிரியை. "முதல் எண்ல தேடினா ஒண்ணும் இருக்காது. ஓரத்தைப் பாத்துப் பாத்து கடைசி எண்ணுக்குப் போகணும். இந்த வேலை பாக்கற எல்லாருக்கும் இது தெரியுமே. உங்ககூட வந்தவர் சொல்லலையா?"

ரிக்மோர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் தனியாக வீபோர்க் போனாள். 1926லிருந்து 1933, அங்கிருந்து 1939. கார்லாவுக்குப் பதினெட்டு வயது முடிந்து வழக்கை மூடிய வருடம் அது. அந்தப் பெட்டியில் எல்லாத் தாளும் நூல் கட்டியபடி இருந்தன. எலி தொட்டிருக்கவில்லை. 'குழந்தை என்னுடையது' என்று கையெழுத்துப் போட்டிருந்தவன், வேலைக்காரி இருந்த பண்ணையின் மூத்த மகன், கிறெஸ்டன் ஆகர்ஹோல்ம். ஹோல்கரின் அப்பா.

வியாழக்கிழமை வழக்கம்போல ஹாரன் அடித்தாள். ஹோல்கர் பிளாஸ்க்கோடு ஏறினார். கார் வீபோர்க் பக்கம் போகாமல் ஊர்த் தேவாலயத்துக் கல்லறை வாசலில் நின்றது.

"இங்க என்ன?"

"ஓரத்துல என்ன எழுதியிருந்துச்சு ஹோல்கர்?"

எந்த ஓரம் என்று அவர் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பா ஆஸ்பத்திரில கிடக்கறப்போ சொன்னார். எங்கம்மா அப்போ உயிரோட இருந்தாங்க, சொல்ல முடியல. அப்புறம்... அவர் ஊராட்சித் தலைவரா இருந்தவர். சாலையோரத்துல அவர் பேருக்குக் கல் நட்டிருக்காங்க."

"அதனால என்கூட வந்தே."

"வேற யாராவது வந்திருந்தா ஒரே நாள்ல கண்டுபிடிச்சிருப்பாங்க."

"நான்தான் ஒரு வருஷமா உன்னை ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன், என்கிட்டேருந்தே மறைக்கறதுக்கு." அவள் குரல் உயரவில்லை. "அவ உன் அக்கா. உனக்குக் கேக் வெட்டிக் கொடுத்துட்டு உன்கிட்டயே கேட்டா. வாயில கேக்கோட தேடறோம்னு சொன்னே."

"தலைமாட்டுல நின்னேனே ரிக்மோர்."

"அது உனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது."

இருவரும் இறங்கி உள்ளே நடந்தார்கள். கார்லாவின் கல்லறையில் புல் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. "சொல்லு" என்றாள் ரிக்மோர். "அவ கேட்டது ஒரு பேருதான்."

"கிறெஸ்டன் ஆகர்ஹோல்ம்" என்றார் ஹோல்கர், பதிவேட்டைப் படிக்கிற அதே குரலில்.

"யாரு அது?"

ஹோல்கர் மண்ணைப் பார்த்துக் குனிந்து, "நம்ம அப்பா, கார்லா" என்றார்.

ரிக்மோர் திரும்பி நடந்தாள். காருக்கு வந்ததும் ஹோல்கர் பழக்கத்தில் மறுபக்கம் சுற்றிப்போய் முன் கதவின் பிடியை இழுத்தார். அது பூட்டியிருந்தது.

"பஸ் தேவாலயத்துக்குப் பின்னால நிக்கும்" என்றாள் அவள்.

உள்ளேயிருந்து அவருடைய பிளாஸ்க்கையும் ரொட்டிப் பொட்டலத்தையும் எடுத்துக் கல்லறை மதில்மேல் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். அன்று எந்த டிராக்டரும் அவளைத் தாண்டவில்லை.